வெள்ளிக்கிழமைகளில் வந்த போலந்துக் கொழுக்கட்டை

என் மனைவி ஒரு கொழுக்கட்டைக்காக என்னை விட்டுப் போகப்போகிறாள் என்று, தொண்ணூறுகளின் நடுவில் ஒரு குளிர்காலம் முழுவதும் நான் நம்பியிருந்தேன். அதுவும் உருளைக்கிழங்கு வைத்து அவித்த கொழுக்கட்டை. பயறும் சக்கரையும் வைத்ததென்றாலாவது எனக்கு ஒரு மரியாதை மிஞ்சியிருக்கும்.

சிரிப்பீர்கள். சிரியுங்கள். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை, நெஞ்சுக்குள் ஏதோ வந்து அடைத்தது. வாயு என்று நினைத்து ஓமத்தண்ணீர் குடித்தேன். அது பொறாமை என்று பிறகுதான் விளங்கியது. ஓமம் அதற்குக் கேட்பதில்லை.

அந்த நாட்களில் எனக்கு ஒக்லாந்தின் மங்கரேயில், விமான நிலையத்துக்குப் பக்கத்துச் சரக்குக் கொட்டகையொன்றில் பின்னேர ஷிஃப்ட். மனைவிக்கு எல்லர்ஸ்லியில் ஒரு கந்தோரின் கணக்குப் பிரிவில் வேலை. அவள் விடியவே வெளிக்கிட்டுவிடுவாள், நான் மத்தியானம் தாண்டித்தான் போவேன். ஆகவே காலையில் எழும்பிச் சமைத்து அவளுக்கும் மகளுக்கும் சாப்பாடு கட்டிக் கொடுப்பது என் பொறுப்பாகிவிட்டது. ஊருக்கு எழுதும்போது இந்த விஷயத்தை மட்டும் எழுதமாட்டேன். ஆனால் ஒக்லாந்துத் தமிழ்ச் சனத்துக்குள் எனக்கு ஒரு பெயர் இருந்தது. பிறந்தநாளோ, கோயில் பூசையோ, சங்கத்து ஒன்றுகூடலோ, மாவுக்குள் மீனோ கிழங்கோ வைத்து மடித்துப் பொரிக்கிற பற்றிஸ் என்றால் அது நான் சுட்டதாகத்தான் இருக்கும். வாயில் ஒன்றும் கையில் ஒன்றுமாக நின்று சனம் என்னைப் புகழும். புகழாத ஒரே ஆள் வீட்டில் இருந்தாள். "எண்ணெய் கொஞ்சம் கூட" என்பாள். அவ்வளவுதான். பதின்மூன்று வருடக் கலியாண வாழ்க்கையில் என் பற்றிசுக்குக் கிடைத்த விமர்சனம் அந்த மூன்று சொல்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில், ஷிஃப்டுக்கு விடுப்பு எடுத்து வீட்டில் நின்ற நாளில், அவள் வேலையால் வந்து சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து என் முன்னால் வைத்தாள்... காலையில் என்று எழுதிவிட்டேன், பின்னேரம். அந்த நாளை நினைத்தால் இப்போதும் நேரகாலம் குழம்பிவிடுகிறது. பெட்டிக்குள் இரண்டு கொழுக்கட்டை இருந்தன. பிறைவடிவம், விளிம்பில் விரலால் கிள்ளிய மடிப்பு. எங்கள் கொழுக்கட்டையேதான்.

"எங்கட கந்தோரில ஒரு போலந்துக்காரர் இருக்கிறார். அவர் கொண்டாறவர். ஒருக்காச் சாப்பிட்டுப் பாருங்கோ" என்றாள்.

சாப்பிட்டேன். உள்ளே மசித்த உருளைக்கிழங்கும் ஏதோ புளித்த பால்கட்டியும். மேலே வெண்ணெயில் வதக்கிய வெங்காயம். உறைப்பு என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே அதைச் செய்த கைக்குத் தெரியாது. பொரிக்க எண்ணெய் வாங்கக் காசில்லாத வீட்டில் செய்த பற்றிஸ் போல இருந்தது. இதைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"உங்கட பற்றிஸ் மாதிரித்தான், என்ன? ஆனா மெத்தெண்டு இருக்கு. வயித்துக்குள்ள போய் நிண்டு சண்டை பிடிக்கேல்லை."

இரண்டாவதையும் நானே எடுத்து விழுங்கினேன். பிடித்துப்போய் அல்ல என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இங்கே என் மூளையின் வேலையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். அவர் கொண்டுவந்தார் என்றுதான் அவள் சொன்னாள். அவரே சமைத்தார் என்று முடிவு கட்டியவன் நான். தினமும் அடுப்படியில் நிற்கிற ஆம்பிளைக்கு உலகத்து ஆம்பிளையெல்லாம் அடுப்படியில்தான் நிற்கிறான் என்று தோன்றும்போலும். ஒரு உயரமான மனிதன், நீலக் கண், சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டு, என் மனைவியை நினைத்து நினைத்து விளிம்பைக் கிள்ளுகிறான் என்று ஒரு படம் எனக்குள் ஓடத் தொடங்கியது. ஒவ்வொரு மடிப்பும் என் நெஞ்சில் கிள்ளியது போலிருந்தது.

அடுத்த வெள்ளியும் பெட்டியில் ஏதோ வந்தது. அதற்கடுத்ததும். ஒருநாள் சிறு போத்தலில் பீற்றூட் சூப். பீற்றூட்டை ரசம் வைக்கலாம் என்று எந்தப் பாவிக்குத் தோன்றியதோ. நிறம் கலியாணக் கூறைபோல, ருசி புளித்த சீனித்தண்ணீர்போல. மிளகு மிதந்தது, ஆனால் வேலை செய்யவில்லை. இன்னொருநாள் முட்டைக்கோசு என்கிற கோவாவை உப்பில் ஊறவைத்து, அழுகிப்போவதற்குச் சற்று முன்னால் மனம் மாறி நிறுத்திக்கொண்ட ஒரு கறி. ஒருநாள் ஊறுகாய் வெள்ளரி, அதில் சதகுப்பை இலையின் மணம். சதகுப்பை எங்களூரில் பிள்ளை பெற்ற பெண்களுக்கு அரைத்துக் கொடுப்பது. இதை என் மனைவிக்கு அந்த ஆள் ஏன் கொடுக்கிறான் என்று அன்றிரவு வெகுநேரம் யோசித்தேன். பிறகு ஒரு கேக், அதற்குள் கசகசா. சிட்டிகை கணக்கில் போடவேண்டிய சாமானைக் கல்வீடு கட்ட லொறியில் மண் பறித்தது மாதிரி உள்ளே கொட்டியிருந்தார்கள். மகள் அதைத் தின்றுவிட்டு, இனிமேல் புட்டுக்குப் பதிலாக இதைச் செய்யமுடியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். என் வீட்டில் எனக்கு எதிராக இரண்டு வாய்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்தக் கோவாக்கறியைத் தவிர எல்லாமே நன்றாக இருந்தன. அதுதான் என்னைக் கொன்றது. கேவலமாக இருந்திருந்தால் நான் நிம்மதியாக நித்திரை கொண்டிருப்பேன்.

பிறகுதான் அந்தக் கண்டுபிடிப்பு. வருவதெல்லாம் வெள்ளிக்கிழமை. வருவதில் ஒன்றிலும் இறைச்சி இல்லை. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மரக்கறி, மீன் இறைச்சியென்ற மச்சமும் இல்லை முட்டையும் இல்லை, ஊரில் எப்படியோ அப்படியே. ஒரு வெள்ளைக்காரனுக்கு வெள்ளிக்கிழமையில் என்ன வேலை? மெதுவாக விசாரித்தேன். அந்த மனிதரும் வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி தொடமாட்டார் என்று, பெரிய விசேஷமில்லாத செய்திபோல வெங்காயம் உரித்தபடி சொன்னாள். எனக்குத் தலை சுற்றியது. நான் கலியாணம் கட்டிய புதிதில் அவளுக்காக சிகரெட்டை விட்டேன், அதுவும் எட்டு மாதம்தான். இந்த ஆள் இறைச்சியையே விட்டுவிட்டான்.

கொட்டகையில் என்னோடு வேலை செய்த மன்னார்த் தம்பி ஒருவர் இருந்தார். கத்தோலிக்கர், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். பெட்டிகளை அடுக்கிக்கொண்டே, வேறு யாருக்கோ நடந்ததுபோல அவரிடம் கதையைச் சொன்னேன். அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணை, அவையள் வேதக்காரர். வெள்ளிக்கிழமை இறைச்சி தின்னமாட்டினம். எங்கட வீட்டிலயும் தவக்காலத்தில அப்பிடித்தான். போலந்துச் சனம் வருசம் முழுக்க அந்த விரதம் பிடிக்கும். ஆரின்ர மனிசிக்காகவும் இல்லை, சேசுவுக்காக."

சொல்லிவிட்டு, "அந்த வேறொருத்தரிட்ட சொல்லிவிடுங்கோ, பயப்பிடவேண்டாமெண்டு" என்றும் சேர்த்துக்கொண்டார். மிச்ச ஷிஃப்ட் முழுவதும் ஃபோர்க்லிஃப்டை ஓட்டிக்கொண்டு சிரித்தபடியே திரிந்தார்.

அன்றிரவு நான் பஞ்சுபோல வீட்டுக்கு வந்தேன். அந்த நிம்மதி அடுத்த வெள்ளி வரைக்கும் இருந்தது. அந்த வெள்ளி மறுபடியும் கொழுக்கட்டை, இந்தமுறை காளானும் கோவாவும் வைத்தது. எனக்கு ஒரு நல்ல யோசனை வந்தது. எதிரியைச் சமய வழியில் மடக்கலாம். "இந்த மாவில முட்டை போட்டிருப்பினம். நீர் வெள்ளிக்கிழமையில முட்டை தின்னுறீர், தெரியுமோ?" என்றேன்.

"கேட்டனான். முந்திப் போடுறதுதானாம். நான் வெள்ளியில முட்டை சாப்பிடுறேல்லை எண்டு சொன்னாப் பிறகு எனக்காகப் போடாமல் செய்யிறது."

எனக்காக. அந்த ஒரு சொல் போதும். இறைச்சியைச் சேசு எடுத்துக்கொண்டார், சரி. முட்டையை விட்டது சேசுவுக்காக இல்லையே.

அதன்பிறகு நான் செய்ததெல்லாம் போர். முதலில், அவருடைய ஆயுதத்தை நானே செய்துவிடுவது என்று தீர்மானித்தேன். அவள் வேலைக்குப் போனபின் கோதுமை மாவைச் சுடுதண்ணீரில் குழைத்து, உருளைக்கிழங்கு மசித்து, அவருடையதைவிட நேர்த்தியாக விளிம்பு கிள்ளினேன். கிள்ளுவதில் என்னை வெல்ல ஆள் கிடையாது. ஆனால் பொரித்துப் பழகிய கைக்கு அவிக்கத் தெரியவில்லை. கொதிதண்ணீருக்குள் ஒவ்வொன்றாக வாய் பிளந்தன. கடைசியில் சட்டிக்குள் இருந்தது கஞ்சி. மகள் பள்ளிக்கூடத்தால் வந்து இது என்ன சூப் என்று கேட்டாள். உருளைக்கிழங்குச் சூப் என்றேன். நல்லாயிருக்கு என்று குடித்தாள். அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் புகழ் அது.

இரண்டாவது, வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டுப் பெட்டியை நிரப்புவது. வயிறு நிறைய என் கையால் சாப்பிட்டவளுக்குப் போலந்து எதற்கு? பிஜி இந்தியர் கடையில் கறிவேப்பிலை வாங்கி, குளிர்காலத்துத் தங்க விலைக் கத்தரிக்காயைப் பொரித்துப் பால்கறி வைத்தேன். பருப்பு, வாழைக்காய்ப் பிரட்டல், அப்பளம் தனிப் பொட்டலம். பெட்டி வழித்துத் துடைத்ததுபோலத் திரும்பி வந்தது. எனக்கு நம்பிக்கை பிறந்தது. அவள் ஒருநாள், "வெள்ளிக்கிழமைகளில கொஞ்சம் கூடப் போடுங்கோவன்" என்றாள். என் நம்பிக்கை இரண்டு மடங்காகியது. பெரிய பெட்டி வாங்கினேன். அப்படியிருந்தும் கொழுக்கட்டை வருவது நிற்கவில்லை. அதையும் தின்று இதையும் தின்கிறாள் என்றால், மனச்சாட்சி உறுத்துகிறது, அதுதான் இந்தப் பசி என்று எனக்குள் ஒரு டாக்டர் விளக்கம் கொடுத்தார்.

ஒரு வெள்ளி காலையில் எனக்குக் கடும் கோபம். முதல்நாள் இரவு, கந்தோரில் ஒரு சிரிப்புக் கதை என்று தொடங்கி அவள் அந்த மனிதரின் பகிடியொன்றைச் சொன்னாள். பகிடி சொல்லுவது என் தொழில். அவளைச் சிரிக்கவைக்கிற உரிமையும் போய்விட்டால் எனக்கு மிஞ்சுவது எண்ணெய்ச் சட்டி மட்டும்தான். அந்த யோசனையோடு கறிக்குத் தூள் போட்டேன். எத்தனை கரண்டி என்று எனக்கே தெரியாது. கத்தரிக்காய் கருஞ்சிவப்பாகியிருந்தது.

அடுத்தநாள் காலைத் தேநீரோடு அவள் சொன்னாள், "நேற்றுப் பாவம் அந்தாள். மத்தியானம் கண்ணெல்லாம் சிவந்து, தண்ணியாய் ஓடிச்சுது. ஒண்டும் கதைக்கேல்லை. பிறகு நேரத்தோட வீட்டை போட்டார்." சொல்லும்போது அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியதை நான் கவனித்தேன். கவனித்து, பிழையாக விளங்கிக்கொண்டேன்.

அழுதிருக்கிறான். என் மனைவியின் முன்னால் இருந்து அழுதிருக்கிறான். விஷயம் அந்த அளவுக்கு முற்றிவிட்டது.

அந்தக் கிழமை நான் கொட்டகையில் இரண்டு பெட்டியைத் தவறான அடுக்கில் ஏற்றினேன். பிஜியின் சுவாவுக்குப் போகவேண்டியது சிட்னிக்குப் போகப் பார்த்தது. மன்னார்த் தம்பி அதைத் திருப்பி எடுத்துவிட்டு, "அந்த வேறொருத்தருக்கு இப்ப எப்பிடி?" என்று கேட்டார். நல்லாயில்லை என்றேன்.

வந்த வெள்ளிக்கிழமை முடிவெடுத்தேன். நேரில் போவது. விடியற்காலையில் எழும்பி என் வாழ்நாளின் மிகச்சிறந்த பற்றிசைச் சுட்டேன். அதை அந்த மேசையில் வைத்து, இதுதான் நான், இதுதான் என் விளிம்பு என்று காட்டுவது. ஷிஃப்டுக்கு அங்கிருந்து நேரே போகவேண்டும் என்பதால் வேலை உடுப்பு. ஆனால் மரியாதை வேண்டுமென்று உள்ளே ஒரு டை கட்டினேன். மேலே ஒளிரும் செம்மஞ்சள் கோட், காலில் இரும்பு முனைச் சப்பாத்து, கழுத்தில் கலியாணத்து டை. மழைக்குள் நெடுஞ்சாலையில் என் பழைய யப்பான் காரைத் துரத்திக்கொண்டு எல்லர்ஸ்லிக்குப் போனேன். கண்ணாடியில் தலைமயிரைச் சரிசெய்தேன். சரிசெய்ய அதிகம் இருக்கவில்லை, ஆகவே சீக்கிரம் முடிந்தது.

முன்மேசைப் பெண் என் கோட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமலே சாப்பாட்டு அறையைக் காட்டினாள். கதவைத் தள்ளினேன்.

நீண்ட மேசை. ஒரு முனைத் தொங்கலில் என் மனைவி, ஒரு பத்திரிகையை விரித்துவைத்துக்கொண்டு முள்ளுக்கரண்டியால் கொழுக்கட்டை தின்றுகொண்டிருந்தாள். மற்றத் தொங்கலில் என் வயதுக்காரர் ஒருவர், என்னைவிடக் கட்டை, என்னைவிட வண்டி வயிறு, தலையில் என்னைவிடக் குறைவு. டையைத் தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டு, நெஞ்சில் கைலேஞ்சி விரித்து, மூக்கு ஒழுக ஒழுக என் பெரிய பெட்டியிலிருந்து என் கத்தரிக்காய்க் கறியை வழித்துக்கொண்டிருந்தார். இருவரும் ஒரு சொல் பேசவில்லை. சாப்பிட்டார்கள்.

அவர் நிமிர்ந்து என் கோட்டைப் பார்த்தார். சுடுதண்ணீர் இயந்திரம் அந்த மூலையில் என்று கையால் காட்டினார். அது பழுதாகி ஒரு கிழமையாம்.

மனைவி திரும்பினாள். முகம் வெளுத்துப்போயிற்று. கரண்டி கீழே விழுந்தது. "என்னப்பா? ஊரில ஆருக்கும் என்னவும்...?" என்று எழும்பினாள்.

இலங்கையில் யுத்தம் நடந்த அந்த வருடங்களில் சொல்லாமல் கொள்ளாமல் புருஷன் வேலையிடத்துக்கு வந்து நின்றால் அதற்கு ஒரு அர்த்தம்தான் இருந்தது. அதை மறந்துபோயிருந்தேன். என் கொழுக்கட்டைப் பயத்தில் அவளுக்கு எந்தப் பயத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன் என்பது அவள் அப்படிக் கேட்டபோதுதான் உறைத்தது. "ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. பற்றிஸ் கொண்டுவந்தனான்" என்றேன். உலகத்தில் இதைவிட மடத்தனமாக ஒரு ஆறுதல் சொல்லமுடியாது.

அவள் திரும்பவும் கதிரையில் இருந்தாள். மூச்சு விட்டாள். பெட்டியைத் திறந்து ஒன்றைப் பிய்த்துப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமையில மீன் வைச்சோ?"

வைத்துவிட்டேன். படபடப்பில், தகர ரின்னில் வருகிற மீன். நாள் பார்த்து எதிரியைச் சந்திக்கப் போனவன், நாளை மறந்துவிட்டேன். அவளால் தொடமுடியாது, என்னாலும் முடியாது. ஆனால் போலந்து வெள்ளிக்கிழமையில் இறைச்சிக்குத்தான் தடை, மீனுக்கு இல்லை. அந்த மனிதர் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து ஒன்றைக் கடித்தார். கண்ணை மூடினார். பிறகு ஆங்கிலத்தில், நிறுத்தி நிறுத்தி, நான்தானா அந்தக் கணவன் என்று கேட்டார். ஆம் என்றேன். "என் மனைவிக்கு உங்கள் மனைவியைப் பிடிக்காது" என்றார்.

பக்கத்துக் கதிரையை இழுத்து அதில் இருந்தேன். இவருக்கு ஒரு மனைவியா?

இந்த வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டைப் பற்றி வீட்டில் அவர் கொஞ்சம் அதிகமாகக் கதைத்துவிட்டாராம். அதற்குப் பிறகு அந்த அம்மா ஒவ்வொரு வெள்ளியும் விடிய எழும்பி, இந்த இலங்கைக்காரி என்ன பெரிய சமையல்காரியோ பார்க்கிறேன் என்று கோவாவும் காளானும் கசகசாவுமாக அடுக்கி அனுப்புகிறாராம். முட்டையை விட்டதும் அவர்தானாம், குறை சொல்ல இடம் வைக்கக்கூடாதென்று. அந்த உறைப்புக் கறி தின்ற அன்றைக்கு அழுதுகொண்டு வீட்டுக்குப் போனவரை அந்த அம்மா என்ன கேட்டார் என்பதையும் சொன்னார். அதை நான் இங்கே எழுதவில்லை. ஏறக்குறைய நான் கேட்டிருக்கக்கூடியதுதான்.

"சமைக்கிறது நீங்கள்தான் எண்டு இவரிட்ட எத்தினைதரம் சொன்னனான்" என்றாள் என் மனைவி என்னிடம். "இவர் போய்ச் சொல்ல, அந்த மனிசி நம்பமாட்டாவாம். புருசன் சமைக்கிறானோ, ஆருக்குக் கதைவிடுறாய் எண்டு கேட்டவாவாம்."

அந்த அம்மாவை நான் ஒருநாளும் சந்திக்கவில்லை. ஆனால் அந்தக் கணத்தில் இந்த நாட்டில் என்னை முழுதாக விளங்கிக்கொள்ளக்கூடிய ஒரே ஆள் அவர்தான் என்று பட்டது. கூடவே, அவர் கொழுக்கட்டை அவிக்கும்போது வாய் பிளப்பதில்லையே என்ற பொறாமையும் வந்தது. அது இன்றுவரை போகவில்லை.

இரவு வீட்டுக்கு வந்து, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"விடிய எழும்பி அவ்வளவு பாடுபட்டுச் சமைச்சுத் தாறியள். அதை இன்னொராளுக்குக் குடுத்திட்டு வாறன் எண்டு எந்த வாயால சொல்லுறது?" என்றாள். பிறகு, சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவிக்கொண்டே, "ஒரு நாளைக்கெண்டாலும் வேற கைச்சாப்பாடு தின்னவேணும்போல இருந்துது. அதுதான்."

நடந்தது இவ்வளவுதான். வெள்ளிக்கிழமைகளில் அவளுக்கும் இறைச்சி இல்லை, அவருக்கும் இறைச்சி இல்லை. ஆகவே இரண்டு பேரும் மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியை மாற்றிக்கொண்டார்கள். அவள் அவருடைய மனைவி அவித்த கொழுக்கட்டையைச் சாப்பிட்டாள். அவர் நான் வைத்த கத்தரிக்காய்க் கறியைச் சாப்பிட்டார்.